முப்பது நொடிக்கு அப்புறம் பாட்டு இல்லை

போன இதழில் விளம்பர இசையைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி கார் விளம்பரம் பற்றியவை. சோப்புக்கும் பற்பசைக்கும் மெட்டுப் போட்டவர்களை யாரும் விசாரிக்கவில்லை, பாவம். இருபத்தாறு வருஷம் விளம்பரங்களுக்குக் கீபோர்டு வாசித்து, மெட்டுப் போட்டு, திட்டும் வாங்கியவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். கார் விளம்பரம் மட்டும் என் கணக்கில் பதினொன்று. அதில் ஒளிபரப்பானது ஏழு. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: மழையில் ஒரு ஜோடி காரில் போகிறது. வைப்பர் அடிக்கிற தாளத்துக்கே தெருவில் எல்லாம் நடக்கிறது: ஒருவர் பெருக்குகிறார், ஒருவர் பந்து தட்டுகிறார். வோக்ஸ்வாகன் விளம்பரம். அந்தப் பாட்டின் மீதியைப் பல வருஷமாகத் தேடுகிறேன். முழுப் பாட்டு இருக்கிறதா?

பதில்: இதே கேள்வியை நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஜெட்டா காருக்காக வந்த 'சிங்க்ரோனிசிட்டி' விளம்பரம் அது. இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. பழைய பாட்டு எதையும் எடுத்து ஒட்டவில்லை. அதற்கென்றே போட்ட இசை. பெயர் 'யுங் அட் ஹார்ட்'. போட்டவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'மாஸ்டர் சிலிண்டர்'.

இரண்டு பெயரிலும் குறும்பு இருக்கிறது. காரண காரியத் தொடர்பில்லாத இரண்டு சம்பவங்கள் ஏதோ அர்த்தத்தோடு சேர்ந்து நடப்பதற்கு சிங்க்ரோனிசிட்டி என்று பெயர் வைத்தவர் மனோதத்துவ நிபுணர் கார்ல் யுங். மனசால் இளமையானவர் என்பதற்கு ஆங்கிலத்தில் 'யங் அட் ஹார்ட்' என்பார்கள். அதில் 'யங்'கை எழுப்பிவிட்டு யுங்கை உட்காரவைத்துவிட்டார்கள். மாஸ்டர் சிலிண்டர் எதுவென்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் பானட்டைத் திறந்து பிரேக் எண்ணெய் டப்பாவுக்குக் கீழே காட்டுவார். வோக்ஸ்வாகன் தன் விளம்பரங்களில் வந்த இசையைத் தொகுத்து 'ஸ்ட்ரீட் மிக்ஸ்' என்று ஒரு சிடி போட்டது. அதில் இதுவும் உண்டு. தேடிப் பாருங்கள்.

ஆனால் இந்த அதிர்ஷ்டம் எல்லா விளம்பரத்துக்கும் கிடையாது. என்னுடைய ஒரு கார் மெட்டுக்கு இப்படித்தான் ஒருவர் எழுதினார். மகளின் பிறந்தநாள் வீடியோவுக்கு முழுப் பாட்டும் வேண்டுமாம். முப்பது நொடிதான் ஐயா, அதற்கு மேல் நான் போடவே இல்லை என்றேன். நம்பவில்லை. எங்கேயோ பூட்டி வைத்திருக்கிறேன் என்றே நினைத்தார். மூன்றாவது கடிதத்தில் எனக்கே ரோஷம் வந்து, சரி, நீட்டித்தான் பார்ப்போமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். முப்பத்தோராவது நொடியில் என்ன செய்வதென்று தெரியவில்லை. பல்லவி, சரணம் என்று எதையும் யோசித்து அதைப் போடவில்லை. நான்காவது நொடியில் கார் வளைவில் திரும்புகிறது, அங்கே வயலின் ஏறும். பதினேழில் குழந்தை ஜன்னல் வழியே கை நீட்டுகிறது, அங்கே தாளம் நின்று புல்லாங்குழல் மட்டும். இருபத்தெட்டில் லோகோ. வளைவும் கையும் இல்லாமல் அந்த மெட்டு எங்கே போவதென்று அதற்கே தெரியாது. அளவெடுத்துத் தைத்த சட்டையை வேட்டியாக்கு என்றால் எப்படி? ஒட்டி, வெட்டி, திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு மூன்று நிமிஷம் ஆக்கி அனுப்பினேன். "சின்னதே நன்றாக இருந்தது சார்" என்று மரியாதையாகப் பதில் வந்தது.

கேள்வி: எந்த விளம்பரமும் சரியாக முப்பது நொடியில் இசையோடு முடிகிறதே, எப்படி? கடைசியில் இழுத்து வெட்டிவிடுவார்களா?

பதில்: வெட்டினால் காது கண்டுபிடித்துவிடும். முதலிலேயே கணக்குப் போட்டுவிடுவோம். நிமிஷத்துக்கு 128 தாள அடி என்று வேகம் வைத்தால் முப்பது நொடியில் சரியாக 64 அடி விழும். நம் கணக்கில் சொன்னால் ஆதி தாளத்தில் எட்டு ஆவர்த்தனம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நான் அதில் அதிகம் போனதில்லை. ஏனென்றால் கடைசி அடி அடங்க இடமில்லை. மணி அடித்த கையோடு வாயைப் பொத்தின மாதிரி இருக்கும். 120 வைத்தால் நொடிக்கு இரண்டு அடி. நாலு அடிக்கு ஒரு பார் என்ற கணக்கில் பதினான்கு பார் முடியும்போது இருபத்தெட்டாவது நொடி. அங்கே கடைசி அடி 'டம்' என்று விழும். மீதி இரண்டு நொடி அது கரைய, லோகோ நிற்க, குரல் கொடுப்பவர் கம்பெனி பெயர் சொல்ல.

இன்னொரு லாபமும் உண்டு. முப்பது நொடி ஓகே ஆன மறுநாள் ஏஜென்சியிலிருந்து போன் வரும்: "இருபதும் பத்தும் வேண்டும்." 120இல் பத்து நொடி என்றால் சரியாக ஐந்து பார், இருபது என்றால் பத்து பார். 128இல் பத்து நொடி என்றால் இருபத்தோரு அடியும் சொச்சமும். அந்தச் சொச்சத்தோடு ஓர் இரவு முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன்.

தாள அடியும் காட்சி மாறுவதும் சேர்ந்து விழ, படத்தின் ஃபிரேமையும் பார்க்க வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் 120 வைத்தால் ஓர் அடிக்குப் பன்னிரண்டு ஃபிரேம். 25 ஃபிரேம் என்றால் 125 வைத்தால்தான் அந்தப் பன்னிரண்டு வரும். எடிட்டரும் இசைக்காரரும் இதை முதல் நாளே பேசிக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். பேசிக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: கார் விளம்பரத்தில் என்ஜின் சத்தமும் வருகிறது, இசையும் வருகிறது. ஒன்றையொன்று கெடுக்காதா?

பதில்: கெடுக்கும். நானே கெடுத்திருக்கிறேன்.

நாலு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினில் கிராங்க் தண்டு ஒரு சுற்று சுற்றும்போது இரண்டு சிலிண்டரில் எரிபொருள் வெடிக்கும். நிமிஷத்துக்கு 3300 சுற்று என்றால் நொடிக்கு 55 சுற்று, 110 வெடிப்பு. 110 ஹெர்ட்ஸ் என்பது கீபோர்டில் அசல் 'ஏ' ஸ்வரம். சுருதி பார்க்க எல்லோரும் வைத்துக்கொள்ளும் 440க்கு இரண்டு ஸ்தாயி கீழே. 3000 சுற்றில் 100 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட 'ஜி'. ஆக, கார் ஓடும்போது அடியில் ஒரு தம்புரா ஓடுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறிக்கொண்டே போகும் தம்புரா.

இது புரியாமல் ஒரு தடவை பி ஃபிளாட்டில் மெட்டுப் போட்டேன். செல்லோ வாசித்தவர் அருமையாக வாசித்தார். ரிக்கார்டிங்கில் யாருக்கும் குறை தெரியவில்லை. மிக்ஸிங்கில் சவுண்ட் என்ஜினீயர் காரின் சத்தத்தைத் திறந்தார். நெடுஞ்சாலைக் காட்சி, வண்டி ஒரே சீராக 3300 பக்கம் ஓடுகிறது. செல்லோ பி ஃபிளாட்டைப் பிடித்து நிற்கிறது, அரை ஸ்வரம் கீழே என்ஜின் ஏ-யைப் பிடித்து நிற்கிறது. பல்லில் மணல் கடிபட்ட மாதிரி ஒரு கூச்சம். டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் செல்லோவைக் குறை சொன்னேன். இன்றைக்கும் அதற்காக வெட்கம்தான். என்ஜினீயர் ஒன்றும் பேசாமல் செல்லோவை மியூட் செய்துவிட்டு என்ஜினை மட்டும் ஓடவிட்டு, பக்கத்தில் இருந்த கீபோர்டில் ஒற்றை விரலால் ஏ-யைத் தொட்டுக் காட்டினார். மறுநாள் காலை எல்லாவற்றையும் அரை ஸ்வரம் இறக்கித் திரும்ப வாசித்தோம். அதற்குப் பிறகு எந்தக் கார் வந்தாலும் முதலில் கேட்பது வண்டியின் சத்தத்தைத்தான். மெட்டு அப்புறம்.

கேள்வி: கார் சத்தத்தையே இசையாக்க முடியாதா?

பதில்: ஆக்கியிருக்கிறார்கள், அதுவும் மனிதக் குரலால். 2006இல் ஹோண்டா சிவிக்குக்கு 'கொயர்' என்று ஒரு விளம்பரம் வந்தது. ஏறக்குறைய அறுபது பேர் கொண்ட பாடகர் குழு ஒரு கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு ஸ்டார்ட் ஆவது, ஜன்னல் இறங்குவது, கரடுமுரடான சாலை, மழை என்று அத்தனையையும் வாயாலேயே செய்வார்கள். ஸ்டீவ் சிட்வெல் அமைத்தது. வாத்தியம் ஒன்றுகூட இல்லை. மிமிக்ரி கேட்ட மாதிரி இருக்காது. கையில் நோட்டுத்தாளோடு, தேவாலயத்தில் நிற்பதுபோல நிற்பார்கள். சிரிப்பும் வரும், மயிரும் கூச்செறியும்.

அதே ஹோண்டாவுக்கு 2004இல் வந்த 'கர்ர்ர்' எனக்கு இதைவிடப் பிடிக்கும். பின்னணிக் கதையே சுவாரசியம். கெனிச்சி நகஹிரோ என்ற அவர்களுடைய என்ஜினீயருக்கு டீசல் என்ஜின் என்றாலே ஆகாது. அந்தச் சத்தமும் நாற்றமும் பிடிக்காது. டீசல் என்ஜின் செய்யச் சொன்னபோது, ஆரம்பத்திலிருந்து புதிதாகச் செய்ய விட்டால் செய்கிறேன் என்றாராம். விளம்பரக்காரர்கள் அந்த வெறுப்பையே பாட்டாக்கிவிட்டார்கள்: எதையாவது வெறு, எதையாவது மாற்று என்று. பாடியது கேரிசன் கீலர், அமெரிக்க வானொலியில் கதை சொல்லிப் பேரெடுத்தவர். பாடகர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். விசில் அடித்துக்கொண்டு நிதானமாகப் பாடுகிறார். சத்தம் போடுகிற டீசல் என்ஜின்கள் பூந்தோட்டத்தில் பறந்து வர, முயல்களும் பறவைகளும் அவற்றை விரட்டுகின்றன. வெறுப்பைப் பற்றிய பாட்டு, தாலாட்டு மாதிரி இருக்கிறது. 2005இல் கான் விளம்பர விழாவில் கிராண்ட் பிரி அதற்குத்தான்.

கேள்வி: எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டை வாங்கிப் போட்டால் வேலை சுலபம்தானே? எதற்குப் புதிதாக ஒருவரைப் பிடித்து மெட்டுப் போடச் சொல்கிறார்கள்?

பதில்: சில நேரம் வாங்குவதுதான் சரி. நிக் டிரேக் என்று ஓர் ஆங்கிலப் பாடகர். 1972இல் அவருடைய 'பிங்க் மூன்' ஆல்பம் வந்தபோது வாங்க ஆளில்லை. 1974இல் இருபத்தாறு வயதில் இறந்துபோனார். 1999இல் வோக்ஸ்வாகன் அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை ஒரு கார் விளம்பரத்தில் வைத்தது. அதற்குப் பிறகுதான் உலகம் அவர் ஆல்பத்தைத் தேடி வாங்கியது. அந்த இடத்தில் நான் மெட்டுப் போட்டிருந்தால் அது ஒரு விளம்பரத்தோடு போயிருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் பெரிய பாட்டுக்கு உரிமை வாங்குவது என்றால் பாட்டை எழுதியவர்கள் தரப்பு, ஒலிப்பதிவை வைத்திருக்கும் கம்பெனி என்று இரண்டு கதவைத் தட்ட வேண்டும். ஒரு கதவு திறக்காவிட்டாலும் போச்சு. அப்போதுதான் எங்களுக்குப் போன் வரும். "அதே மாதிரி வேண்டும், ஆனால் அது வேண்டாம்." என் தொழிலில் அதிகமாகக் கேட்ட வாக்கியம் இதுதான்.

இதில் ஆபத்து இருக்கிறது. 1980களில் ஃபோர்டின் மெர்க்குரி சேபிள் கார் விளம்பரத்தில் அமெரிக்கப் பாடகி பெட் மிட்லரைப் பாடச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். ஏஜென்சி என்ன செய்தது? முன்பு அவருக்குப் பின்பாட்டுப் பாடிய பெண்ணைக் கூட்டிவந்து, மிட்லர் பாடிய பாட்டை அவர் குரல் மாதிரியே பாடவைத்தது. பாட்டுக்கு உரிமை முறைப்படி வாங்கியிருந்தார்கள். ஆனாலும் 1988இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: ஊரறிந்த ஒரு பாடகரின் தனித்த குரலை, பொருள் விற்க வேண்டுமென்றே நகல் எடுப்பது தவறு. பிறகு நாலு லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. இதைப் படித்த நாளிலிருந்து "அதே மாதிரி" என்று யாராவது ஆரம்பித்தால், எது மாதிரி, வேகமா, வாத்தியமா, மனநிலையா என்று எழுதித் தரச் சொல்வேன். பாதிப்பேர் எழுதமாட்டார்கள்.

இன்னொரு வியாதி, எடிட்டிங்கில் தற்காலிகமாக ஒரு பாட்டைப் போட்டு வெட்டுவது. வேறு இசை வரும்வரைதான் என்று ஆரம்பிப்பார்கள். மூன்று வாரம் அதையே கேட்டுக் கேட்டு, அதுதான் படத்தோடு பிறந்தது என்று எல்லோரும் மயங்கிவிடுவார்கள். ஒரு கிளையன்ட்டுக்கு நான் ஒன்பது மெட்டு கொடுத்தேன். ஒன்பதாவதைக் கேட்டுவிட்டு, "முதலில் ஒன்று கொடுத்தீர்களே, அதையே இன்னொரு தடவை போடுங்கள்" என்றார்கள். முதலாவதுதான் ஒளிபரப்பானது. நடுவில் போட்ட ஏழுக்கும் ஒன்பதாவதுக்கும் காசு வரவில்லை.

கேள்வி: நான் இசைக் கல்லூரி மாணவன். ஒரு ஏஜென்சி கார் விளம்பரத்துக்கு மெட்டுக் கேட்கிறது. எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். கொடுக்கலாமா?

பதில்: தம்பி, வாழ்த்துக்கள். கையெழுத்துப் போடும் முன் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அவரிடம் போகும்போது நான் சொல்வதையும் கேளுங்கள்.

மெட்டு வேறு, அதைப் பதிவு செய்த ஒலிப்பதிவு வேறு. ஒலிப்பதிவை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு மெட்டை உங்களிடம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். எத்தனை வருஷம், எந்தெந்த நாட்டில், டிவியா இணையமா தியேட்டரா, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். 'எல்லா ஊடகமும், என்றென்றைக்கும்' என்று இருந்தால் அதற்குத் தனி விலை. இருபது நொடி, பத்து நொடி வெட்டல்களும் இதில் சேர்த்தியா? மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம் என்றால் அது தப்பில்லை, நானும் பலமுறை கொடுத்திருக்கிறேன். ஆனால் மொத்தத்துக்கு மொத்த விலை கேட்க வேண்டும். எத்தனை தடவை மாற்றிக் கொடுப்பீர்கள் என்பதையும் எண்ணிக்கையாகப் போடுங்கள். மூன்று போதும். நான் போடாமல் விட்டதன் பலனை மேலே படித்திருப்பீர்கள்.

அப்புறம், பயப்படாதீர்கள். ஏ.ஆர். ரஹ்மான் 1992இல் சினிமாவுக்கு வருவதற்கு முன் சில வருஷம் விளம்பரங்களுக்குத்தான் மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஹாலிவுட் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மரும் லண்டனில் ஜிங்கிள் போட்டவர்தான். அவர் ஒரு சுற்று சுற்றிவிட்டு காருக்கே வந்துவிட்டார்: பிஎம்டபிள்யூ மின்சாரக் கார்களுக்கு, ரென்ஸோ விட்டாலே என்பவரோடு சேர்ந்து ஒலி அமைத்திருக்கிறார். மின்சார வண்டி மெதுவாகப் போகும்போது சத்தமே வராது, நடந்து போகிறவருக்குத் தெரியாது. அதனால் மணிக்கு 20 கிலோமீட்டர் வரை வண்டி ஏதாவது ஒலி எழுப்ப வேண்டும் என்று ஐரோப்பாவில் சட்டமே இருக்கிறது. நீங்கள் படிப்பை முடிப்பதற்குள் இந்த வேலை இன்னும் பெருகிவிடும்.

கேள்வி: விளம்பரம் வந்தாலே டிவி சத்தம் ஏறுகிறதே, அதுவும் உங்கள் வேலையா?

பதில்: மிக்ஸிங் அறையின் வேலை. உச்ச அளவைத் தாண்டாமல், தாழ்ந்திருப்பதையெல்லாம் தூக்கி நிறுத்திவிடுவார்கள். மூச்சு விட இடமில்லாமல் ஒரே மட்டத்தில் அடிக்கும். இப்போது பல இடங்களில் சராசரியை அளக்கிறார்கள். ஐரோப்பிய ஒலிபரப்பாளர்களின் அளவு மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு). அமெரிக்காவில் 2010இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. என் பழைய வேலைகளை இன்று அளந்து பார்த்தால் பாதி தேறாது.

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகும் காரில் ஏறினால் தாளம் கேட்கிறதா?

பதில்: என் மனைவி எழுதின கேள்வியோ என்று கையெழுத்தைப் பார்த்தேன். இல்லை.

கேட்கிறது. இண்டிகேட்டர் நிமிஷத்துக்கு 60இலிருந்து 120க்குள் மின்ன வேண்டும் என்று விதி. பாட்டின் வேகமும் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் உட்காரும். அந்தக் காலத்தில் ரிலே துடிப்பதுதான் 'டிக் டிக்' என்று காதில் விழும். புது வண்டிகள் பலவற்றில் அந்த டிக்கையும் ஸ்பீக்கர்தான் போடுகிறது, யாரோ ஒருவர் உட்கார்ந்து அமைத்த டிக். என் வண்டியில் 84. ஒரு நாள் சிக்னலில் எனக்கு முன்னால் நின்ற வண்டியின் விளக்கை எண்ணினேன், 90. அப்படியானால் பத்து நொடிக்கு ஒரு தடவை இரண்டும் சேர்ந்து விழும். விலகும், தள்ளித் தள்ளிப் போகும், எதிரெதிராக நிற்கும், மறுபடி கிட்ட வரும். மூன்றாவது தடவை சேர்வதற்குக் காத்துக்கொண்டிருந்தபோது பச்சை விழுந்து, பின்னால் இருந்தவர் ஹாரனை அழுத்திவிட்டார். எஃப் ஷார்ப்.